விஜய் டிவியின் சூப்பர் சிங்கர்: பார்ப்பவருக்கும் பாடப் போகிறவருக்கும் ஒரு மதிப்புரை

2006-இல் விஜய் டிவியில் தொடங்கிய சூப்பர் சிங்கர், பெரியவர்களுக்கு ஒரு சீசன், குழந்தைகளுக்கு ஜூனியர் சீசன் என மாறி மாறி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. சன் டிவியும் ஜீ தமிழும் தங்கள் பங்குக்குப் போட்டிகளை நடத்திவிட்டன. ஜீ தமிழின் சரிகமப இப்போது நேருக்கு நேர் நிற்கிறது. ஆனாலும் பாட்டுப் போட்டி என்று பேச்செடுத்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் வாயில் வருவது சூப்பர் சிங்கர்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேடையில் பாட ஆசைப்படுகிறவருக்குத் தமிழ்த் தொலைக்காட்சியில் இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. சினிமாவில் பாட வேண்டும் என்ற ஒரே குறியோடு போகிறவருக்கு இது பாதி வழிதான். மீதிப் பாதியை இந்த நிகழ்ச்சி சோதிப்பதும் இல்லை, சொல்லித் தருவதும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு நடுச் சுற்றுகள்தான் விருந்து. இறுதிப்போட்டியை முழுதாகப் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவ்வளவு பேர் பார்ப்பது ஏன்?

2001-இல் பிரிட்டனில் பாப் ஐடல், 2002-இல் அமெரிக்கன் ஐடல், 2004-இல் இந்தியில் இந்தியன் ஐடல் என்று வந்த அலையில்தான் இந்த வடிவம் நமக்குப் பழகியது: ஊர் ஊராக ஆடிஷன், மூன்று நான்கு நடுவர்கள், வாராவாரம் ஒருவர் வெளியேற்றம், கடைசியில் மக்கள் ஓட்டு. சட்டகம் வெளியிலிருந்து வந்தாலும் உள்ளே இருக்கிற ரசனை நம்முடையது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திப் பிறகு சன் டிவிக்கும் வந்த பாட்டுக்குப் பாட்டும், ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களும் இதற்கு முன்னோடிகள். அவற்றுக்கும் முன்னால் கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. அந்த மேடைகளில் ஒரு பாடகருக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு, "அப்படியே ரெக்கார்டுல கேட்ட மாதிரி இருந்துச்சு" என்பதுதான்.

சூப்பர் சிங்கரின் பலம் இந்த இடத்தில் இருக்கிறது. பாடுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே பாட்டு நம் மனசுக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அடுத்து எந்தச் சங்கதி (மெட்டின் நெளிவு) வரும், எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழையும், எங்கே உச்சத்துக்கு ஏற வேண்டும் என்பதெல்லாம் பார்ப்பவருக்கும் தெரியும். அந்த இடம் வரும்போது "எட்டுவாரா மாட்டாரா" என்று வீடே காத்திருக்கிறது. இசை படிக்காத ஒருவர்கூடத் தப்பைக் கண்டுபிடித்துவிட முடியும், ஏனென்றால் அசல் அவர் காதில் இருக்கிறது. தெரியாத ஒரு புதுப் பாட்டைப் பாடினால் இந்த எதிர்பார்ப்பு உண்டாகாது. நிகழ்ச்சியின் வெற்றிக்குக் காரணமும் அதன் பெரிய குறைக்குக் காரணமும் இதுவேதான். பழகிய பாட்டைத் திருப்பிப் பாடும் திறமையை இது மிக நுட்பமாக அளக்கிறது. புதிய பாட்டுக்கு முதன்முதலாக உயிர் கொடுக்கும் திறமையை அளப்பதற்கு இதில் இடமே இல்லை.

மேடையில் என்ன நடக்கிறது

முக்கியச் சுற்றுகளில் பாடுவது நேரடி இசைக்குழுவோடு. கரோக்கிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கரோக்கி தடம் ஒருபோதும் மாறாது. இசைக்குழு மூச்சு விடும், வேகம் பிடிக்கும், பாடகர் தடுமாறினால் தாங்கிப் பிடிக்கும். அதே குழு, பாடகர் தாமதமாக நுழைந்தால் காத்திருக்காமல் போய்விடவும் செய்யும்.

திரைப்பாடல் ஒன்று சாதாரணமாக நாலரை முதல் ஐந்து நிமிடம் ஓடும். போட்டியில் கிடைப்பது சுமார் மூன்று நிமிடம். பல்லவி, சுருக்கிய இடையிசை, ஒரு சரணம், மறுபடி பல்லவி என்று வெட்டிவிடுவார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அந்த வெட்டில்தான். பதினாறு தாளவட்டம் வரவேண்டிய இடையிசை எட்டில் முடிந்துவிடும். பாடகரின் நினைவிலோ முழு இடையிசையும் ஓடிக்கொண்டிருக்கும். சரணத்தின் முதல் வார்த்தை தொலைந்துபோகும். பார்ப்பவர்கள் "வரி மறந்துட்டாங்க" என்பார்கள். உண்மையில் வரி மறக்கவில்லை, எண்ணிக்கை தப்பியிருக்கிறது. பாடப் போகிறவர்கள் மூன்று நிமிட வடிவத்தைத் தாங்களே கைபேசியில் வெட்டி வைத்து, அதோடு மட்டுமே பயிற்சி செய்வது நல்லது. அசல் பாட்டை அந்த வாரம் முழுக்கக் கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டைப் பாடும் ஆதார சுருதியின் உயரம். கச்சேரி வழக்கத்தில் ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்களுக்கு ஐந்து முதல் ஆறு கட்டை என்று ஒரு பொதுக்கணக்கு இருக்கிறது. திரைப்பாட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. இசையமைப்பாளர் அந்தக் குறிப்பிட்ட பாடகரின் குரல் எங்கே மின்னும் என்று பார்த்து ஆதார சுருதியை வைத்திருப்பார். எஸ்.பி.பி. அலட்டாமல் எட்டிய உச்சத்தை இருபது வயதுப் பையன் அதே கட்டையில் எட்டப் போனால் கழுத்து நரம்பு புடைக்கும், சுருதி கீழே சரியும்.

சரியான கட்டையைக் கண்டுபிடிக்கப் பல்லவியிலிருந்து தொடங்கக் கூடாது. சரணத்தில் எது மிக உயரமான இடமோ அதை முதலில் எடுக்க வேண்டும். தாடையைத் தூக்காமல், தலையைச் சாய்க்காமல், நாலு எண்ணும்வரை அந்த ஸ்வரத்தில் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அதிலிருந்து அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காரணம், மேடைப் பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகிவிடும். வீட்டில் கிடைத்த உச்சம் அரங்கில் கிடைக்காது. அதற்காக மேலும் மேலும் இறக்கவும் கூடாது. இறக்கினால் பல்லவியில் மந்திர ஸ்தாயியில், அதாவது மிகத் தாழ்வாக, வரும் வார்த்தைகள் மைக்கில் விழாமல் காற்றாகப் போய்விடும். நடுவர்கள் "லோ நோட்ஸ் கேக்கல" என்று சொல்வது அநேகமாக இந்தத் தவறைத்தான்.

கடைசி நேரத்தில் கட்டையை மாற்றச் சொல்வது குழுவுக்கு எவ்வளவு சிரமம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும். கிட்டாரில் காப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) நகர்த்தினால் போதும். புல்லாங்குழல்காரர் வேறு குழலை எடுத்தாக வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய வெவ்வேறு சுருதிக் குழல்கள் இருப்பது அதற்குத்தான். கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது கவனியுங்கள். ராகம் மாறும் பாட்டில் பல்லவிக்கு ஒரு குழல், சரணத்துக்கு முந்திய இடையிசைக்கு இன்னொன்று என்று, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே மற்றதை உதட்டுக்குக் கொண்டுபோவார். தபலாக்காரர் சுத்தியலால் விளிம்பைத் தட்டி வலந்தலையை (வலக்கையால் வாசிக்கும் பக்கத்தை) புதிய சுருதிக்குக் கூட்ட வேண்டும், அல்லது வேறு தபலாவை முன்னால் இழுக்க வேண்டும். ஒத்திகை முடிந்த பிறகு "அரைக் கட்டை ஏத்திக்கலாமா" என்று கேட்கிற பாடகர், இடையிசையில் வரப்போகிற பிசிறுக்குத் தானே விதை போடுகிறார்.

ஜோடிப் பாட்டுச் சுற்றில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வசதியான ஒரே கட்டை அமைவது அபூர்வம். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். விட்டுக்கொடுத்தவர் அன்று மங்கலாகத் தெரிவார், வெளியேற்றப் பட்டியலிலும் வந்து நிற்பார். பார்ப்பவர்கள் ஜோடிச் சுற்றை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடாமல் இருப்பதுதான் நியாயம்.

மைக் பிடிக்கும் விதத்தையும் கவனிக்கலாம். புதிதாக வருகிறவர்கள் வலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடிப்பார்கள். ஒலி அடைத்துப்போகும், ஊளைச் சத்தம் எழவும் வாய்ப்பு உண்டு. தேர்ந்தவர்கள் கைப்பிடியின் நடுவில் பிடித்து, மெல்லிய இடத்தில் உதட்டுக்கு அருகிலும் உச்சத்தில் நாலைந்து விரற்கடை தள்ளியும் வைப்பார்கள். சீசனின் தொடக்கத்தில் மைக்கோடு மல்லுக்கு நின்ற ஒருவர் பத்து வாரத்தில் இதைப் பழகிவிடுவதைக் கண்முன்னால் பார்க்கலாம். இந்த வளர்ச்சியைக் காட்டுவதில்தான் நிகழ்ச்சியின் உண்மையான அழகு இருக்கிறது.

நடுவர்களும் பயிற்சியும்

ஸ்ரீநிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன், சித்ரா, மனோ, அனுராதா ஸ்ரீராம், ஸ்வேதா மோகன், பென்னி தயாள் என்று நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பாடிப் பாடியே வந்தவர்கள். சித்ரா ஒரு குழந்தையிடம் "இந்த இடத்துல சின்னதா ஒரு மூச்சு எடுத்துக்கோ" என்று சொல்லி அதைப் பாடியும் காட்டும் அரை நிமிடம், ஒரு மாத வகுப்புக்குச் சமம். ஆரம்ப சீசன்களில் குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் போட்டியாளர்களோடு உட்கார்ந்து குரலைச் சீர்செய்யும் பகுதிகள் வந்தன. எந்த எழுத்தில் வாய் எவ்வளவு திறக்க வேண்டும், காற்று எங்கே வீணாகிறது என்று ஒரு பாடகரின் அடுக்களை வேலை முழுவதும் அதில் தெரிந்தது. அப்போது நிகழ்ச்சி வாரநாள் இரவுகளில் வந்ததால் அதற்கு நேரமும் இருந்தது.

பிற்பாடு சனி, ஞாயிறு என்று மாறி, ஒவ்வொரு பகுதியும் ஒரு திருவிழா ஆகிவிட்டது. பயிற்சி திரைக்குப் பின்னால் நடக்கலாம், ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது அதிகம் வருவதில்லை. அந்த இடத்தில் புதுப்பட விருந்தினர்களும் தொகுப்பாளர்களின் கலகலப்பும் குடும்பத்தை மேடைக்கு அழைக்கும் உருக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டன. மா.கா.பா. ஆனந்தும் பிரியங்காவும் பதறி நிற்கிற பிள்ளையை நொடியில் சிரிக்க வைத்துவிடுவார்கள், அந்தத் திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் பேச்சாகப் போகும்போது, பாட்டைக் கேட்க வந்தவர் களைத்துவிடுகிறார். பயிற்சிப் பகுதி திரும்ப வர வேண்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாலே போதும்.

நடுவர்களின் கருத்தில் இன்னொரு குறை, எல்லாமே உச்சம் என்றாகிவிட்டது. தங்கத் துகள்கள் கொட்டுவதும் எழுந்து நின்று கைதட்டுவதும் மூன்று பாட்டுக்கு ஒருமுறை நடந்தால், நான்காவதாக வருகிற நிஜமான உச்சத்தை எப்படி அடையாளம் காட்டுவது? பழைய சீசன்களில் சுஜாதா தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு "நல்லாருந்தது", போட்டியாளருக்குப் பெரிய சான்றிதழாக இருந்தது.

டிவியில் கேட்பதும் அரங்கில் கேட்பதும்

இந்த வகை நிகழ்ச்சிகளில் குரலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடங்களாகப் பதிவாகி, பிறகு கலவை செய்யப்பட்டு ஒளிபரப்பாவது வழக்கம். எதிரொலி சேர்ப்பார்கள், சத்தத்தைச் சமன்செய்வார்கள். ஆகவே சனிக்கிழமை இரவு கேட்ட குரலும் அரங்கில் நடுவர் கேட்ட குரலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "நல்லாத்தானே பாடினாங்க, ஏன் மார்க் குறைச்சாங்க" என்று கோபப்படும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது. குரலின் நிஜத்தன்மையைத் தெரிந்துகொள்ள விரும்பினால் நேரலையாக வந்த இறுதிப்போட்டிகளைக் கேளுங்கள். பெரிய மைதானம், காற்று, கூட்டத்தின் இரைச்சல், தாமதமாகத் திரும்பி வரும் எதிரொலி எல்லாம் சேர்ந்து நல்ல பாடகரையே அரைச் சுருதி அசைத்துவிடும். காதுக்குள் மாட்டும் மானிட்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாடுகிறார் என்றால், பெரும்பாலும் அவருக்குத் தன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பார்க்கும் வழி இரண்டு. யூடியூபில் விஜய் டிவி போடும் துண்டுக் காணொளிகளில் பாட்டு மட்டும் கிடைக்கும். நேரமில்லாதவர்களுக்கு அது சௌகரியம், ஆனால் நடுவர் சொன்ன திருத்தம் பல நேரம் வெட்டுப்பட்டிருக்கும். பாட்டுக் கற்கிறவர்கள் ஜியோஹாட்ஸ்டாரில் முழுப் பகுதியையும் போட்டு, பாட்டையும் அதற்குப் பிந்திய கருத்தையும் கேட்டுவிட்டு மறுபடி பாட்டுக்குப் போவது பயன் தரும். நடுவர் சொன்ன பிசகு இரண்டாவது தடவை கேட்கும்போது தெளிவாகக் காதில் விழும்.

ஓட்டு

எஸ்.எம்.எஸ். காலத்திலிருந்து செயலி வழி ஓட்டுவரை முறைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கடைசிச் சுற்றில் மக்கள் ஓட்டு நுழைந்தவுடன் போட்டியின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை சங்கதி, சுருதி, தாளம் என்று அளந்தவர்கள் ஒதுங்கி, யார்மேல் மக்களுக்குப் பாசம் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. இதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. பாடகருக்கு மக்களின் பாசமும் ஒரு தகுதிதான். ஆனால் 2006-இல் தொடங்கிய பெரியவர்கள் பிரிவில் முதன்முறையாக ஒரு பெண் பட்டம் வென்றது 2023-இல், ஒன்பதாவது சீசனில், அருணா வழியாகத்தான். இடைப்பட்ட சீசன்களில் இறுதிவரை வந்த பெண்களின் குரலைக் கேட்ட எவரும், இது பாட்டின் தரத்தால் மட்டும் நேர்ந்தது என்று நம்ப மாட்டார்கள்.

2016-இல் ஐந்தாவது சீசனை ஆனந்த் அரவிந்தாக்ஷன் வென்றபோது, ஏற்கனவே படங்களில் பாடியவர் போட்டிக்கு வரலாமா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் பாடியது அருமை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தகுதி விதிகளைத் தொடக்கத்திலேயே திரையில் எழுதிக் காட்டியிருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடம் இருந்திருக்காது. ஓட்டு எண்ணிக்கையிலும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். பிரிட்டனில் கட்டணத் தொலைபேசி ஓட்டுகளில் நடந்த முறைகேட்டுக்காக 2008-இல் ஐடிவி தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்ட் அபராதம் விதித்தது அந்நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம். அதுபோல இங்கே நடந்ததாகச் சொல்லவில்லை. நம் நாட்டிலும் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஓட்டு, நடுவர் மதிப்பெண்ணுக்கு எத்தனை பங்கு, ஒரே கணக்கிலிருந்து எத்தனை ஓட்டு செல்லும் என்பதை வெளியிட்டால், தோற்றவரின் ஊர்க்காரர்கள்கூட முடிவை ஏற்றுக்கொள்வார்கள்.

ஆடிஷனுக்குப் போகிறவர்களுக்கு

முதல் கட்டத்தில் பக்கவாத்தியம் இருக்காது. கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். பலர் கூட்டத்தைப் பார்த்த படபடப்பில் வழக்கத்தைவிட உயரமாகத் தொடங்கி, சரணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் கைபேசியின் தம்புராச் செயலியில் உங்கள் கட்டையை வைத்து, காதருகே அரை நிமிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மெலடி ஒன்று, வேகமான பாட்டு ஒன்று, ராகம் சார்ந்தது ஒன்று, நாட்டுப்புறம் ஒன்று என நான்கு தயாராக இருக்க வேண்டும். "வேற ஏதாவது?" என்று கேட்டால் அது நல்ல சகுனம். அப்போது முதல் பாட்டின் சாயலிலேயே இன்னொன்றைப் பாடினால் வாய்ப்பு வீணாகும். முன்னிசையை வாயால் முனகிக் காட்டாமல் நேராகச் சரணத்தின் நல்ல இடத்துக்கே போய்விடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உச்சரிப்பில் ழ, ல, ள மூன்றையும் நடுவர்கள் விடாமல் கவனிப்பார்கள். தமிழ் தாய்மொழியாக இல்லாத பாடகர்கள் இதற்காகத் தனியாக உழைத்து வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான் அசட்டையாக விட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். வேகப் பாட்டில் வார்த்தையை முழுங்கும் பழக்கம் இருந்தால், அந்தப் பாட்டைப் பாதி வேகத்தில், ராகம் இல்லாமல், வெறும் தாளத்தில் பேசிப் பழகுங்கள்.

இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர். அறிவிப்பைச் சேனலின் சொந்தப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். தேர்வான பிறகு கையெழுத்துக்கு வரும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மாதத்துக்கு வேறு சேனலில் தோன்றக் கூடாது, வெளிக் கச்சேரிக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், உங்கள் காணொளியை நீங்கள் பயன்படுத்த உரிமை உண்டா. இந்தத் துறை ஒப்பந்தங்களில் பொதுவாகச் சிக்கல் வருவது இந்த மூன்றில்தான்.

ஜூனியர் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2017-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகள் கலைஞர்களாக வரும் குழந்தைகளுக்கும் பொருந்தும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். இவற்றைப் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். படப்பிடிப்பு நள்ளிரவு தாண்டுகிறது என்றால் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீசன் மாதக்கணக்கில் நீளும். தொடக்கத்தில் ஆறு கட்டையில் பாடிய பையனின் குரல் நடுவிலேயே உடையத் தொடங்கலாம். உடையும் குரலை உச்சத்துக்கு இழுத்தால் நிரந்தரக் கீறல் விழும் அபாயம் உண்டு. அந்தக் கட்டத்தில் பட்டத்தை மறந்துவிட்டு வெளியே வருவதுதான் அந்தக் குரலுக்குச் செய்யும் மரியாதை.

பட்டத்துக்குப் பிறகு

திரையில் நிலைத்தவர்களைப் பார்த்தால் பட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு என்பது புரியும். 2011-இல் மூன்றாவது சீசனை வென்றவர் சாய்சரண். அதே சீசனில் பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷ் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'ராசாளி', 'ஆளப்போறான் தமிழன்' என்று பாடி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். ஜூனியர் மூன்றில் ஆஜித் வென்றார். இரண்டாமிடம் பெற்ற பிரகதியின் குரல் பாலாவின் 'பரதேசி'யில் ஒலித்தது. ஆறாவது சீசனில் 2018-இல் வென்ற செந்தில் கணேஷும் அவருடன் பாடிய ராஜலட்சுமியும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்குக்கும் காரணம் இருக்கிறது. அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தவற்றில் பல, நாம் எந்த ரெக்கார்டிலும் கேட்டுப் பழகாத மக்களிசைப் பாடல்கள். ஒப்பிட அசல் இல்லை, அவர்கள் பாடியதே அசல். அவர்களுடைய 'சின்ன மச்சான்' படத்துக்கும் போனது.

பின்னணிப் பாடலுக்கு வேண்டிய திறமை வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. காதில் ஒரு டிக்-டிக் ஒலி, எதிரில் ஒரு தாளில் நாலு வரி, இசையமைப்பாளர் பாடிக் காட்டிய மெட்டு, அவ்வளவுதான். இதுவரை யாரும் பாடாத அந்த வரியில் எங்கே மூச்சு, எங்கே குழைவு என்பதைப் பாடகரே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடச் சொல்வார்கள். போட்டியில் பல வருடம் "அப்படியே அசல் மாதிரி" பழகியவர்களுக்கு இங்கே கால் தடுமாறுவது இயல்பு. சூப்பர் சிங்கர் இதற்காக ஒரே ஒரு சுற்றை ஒதுக்கினாலும் பெரிய மாற்றம் வரும். புது மெட்டு ஒன்று, பாடல் தாள், கற்றுக்கொள்ள இரண்டு மணி நேரம். எல்லாப் போட்டியாளரும் அதே பாட்டைப் பாடட்டும். யார் வெறும் நகல், யாருக்குச் சொந்தக் கற்பனை இருக்கிறது என்பது அன்று தெரிந்துவிடும். பார்ப்பவர்களுக்கும் ஒரே பாட்டு எட்டு விதமாக மலர்வதைக் கேட்கும் சுகம் கிடைக்கும்.

அதுவரை, நடுச்சுற்றில் வெளியேறுகிறவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. கச்சேரி மேடைகள் காத்திருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, லண்டன், கனடா என்று தமிழர் இருக்கும் ஊரெல்லாம் சூப்பர் சிங்கர் முகங்களுக்கு அழைப்பு வருகிறது. அதோடு இசையமைப்பாளர்களின் கூடங்களில் டிராக் பாட முயலுங்கள். உங்கள் குரலை அழித்துவிட்டு வேறொருவர் பாடுவார் என்று தெரிந்தே பாடுகிற வேலை அது, பணமும் குறைவுதான். ஆனால் புதுப் பாட்டை முதல் ஆளாகப் பாடிப் பார்க்கும் பயிற்சி அங்கே கிடைக்கிறது. கூடத்துக்குக் கொடுக்கும் மாதிரிப் பதிவில் போட்டியில் பாடிய புகழ்பெற்ற பாட்டுகளை வைக்காதீர்கள். தெரிந்த நண்பர் யாராவது போட்ட மெட்டில் இரண்டு புதுப் பாட்டு, எதிரொலி சேர்க்காத வெறும் குரலில் ஒரு விருத்தம் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்), மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள். முதல் இருபது நொடியிலேயே உங்கள் குரலின் நல்ல இடம் வந்துவிடும்படி அடுக்கி அனுப்புங்கள்.